எண்பத்தெட்டுப் புள்ளி

செல்வநாயகத்தாரைக் கண்டதுமே சிவலட்சுமிக்கு ஆளை அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் அவளைத் தெரியவில்லை. அதிலே அதிசயம் ஒன்றுமில்லை. அரசாங்கக் கந்தோர் மேசைக்கு அந்தப் பக்கம் இருபத்தேழு வருடம் இருந்த மனிதருக்கு, இந்தப் பக்கம் நின்றவர்களின் முகம் எங்கே நினைவிருக்கப்போகிறது? அவர் பார்த்ததெல்லாம் நீட்டிய கைகளையும் அவற்றில் இருந்த கடதாசிகளையும்தான்.

1999ஆம் ஆண்டு ஆவணி மாதம். வவுனியா வைரவபுளியங்குளத்தில் அவருடைய வீட்டு விறாந்தையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளைக் கூட்டிவந்த நகைக்கடை ராஜரத்தினம் கதிரையில் இருந்தார். அவளை இருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செல்வநாயகத்தாரின் மனைவி கமலாசனி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நகைக்கடைக்காரருக்குப் பூப்போட்ட கோப்பையும் தட்டும். சிவலட்சுமிக்கு விளிம்பு நசுங்கிய ஒரு சில்வர் பேணி. அவள் அதை வாங்கி விறாந்தைக் கட்டின்மேல் வைத்தாள். பிறகு தொடவேயில்லை.

"இந்தப் பிள்ளையே?" என்று செல்வநாயகத்தார் ராஜரத்தினத்திடம் கேட்டார், அவள் அங்கே இல்லாததுபோல. "பாத்தால் அப்பிடித் தெரியேல்லையே. எந்த இடம்?"

"செட்டிகுளம்."

"செட்டிகுளத்தில எங்கட ஆக்களே, இல்லாட்டி...?"

அந்த 'இல்லாட்டி'யை அவர் முடிக்கவில்லை.

"மலைநாட்டு ஆக்கள்தான் ஐயா," என்றாள் சிவலட்சுமி. "கல்லுப் பாக்கத்தானே கூப்பிட்டனீங்கள்? சாதகம் பாக்கிறதெண்டால் சொல்லுங்கோ, நான் போறன்."

ராஜரத்தினம் இருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

அவளுடைய அப்பா சங்கிலி, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர். கூட வந்தது மனைவி அங்கம்மாவும் பன்னிரண்டு வயது மகளும். செட்டிகுளத்துக்கு அப்பால் காடு வெட்டி, வேர் கிண்டி, இரண்டு ஏக்கரைத் துப்புரவாக்கினார். அந்தக் காணிக்கு அனுமதிப் பத்திரம் கேட்டு எண்பத்தொன்றில் மனுப்போட்டார். மனு ஒரு கோவையில் கட்டப்பட்டு, செல்வநாயகம் என்ற தலைமை எழுதுவினைஞரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததுதான், பிறகு அசையவில்லை.

"பிரசாவுரிமைக் கடதாசி எங்கை?" என்பார் செல்வநாயகத்தார். சில வருடங்களுக்குப் பிறகு சட்டம் மாறி, சங்கிலி அந்தக் கடதாசியையும் கொண்டுபோய்க் கொடுத்தார். "கோவை வேற இடத்துக்குப் போட்டுது, அடுத்த கிழமை வா" என்றார் அவர். தன்னைவிட மூத்த மனிதரை வாய் கூசாமல் போ, வா என்றுதான் கூப்பிடுவார். அடுத்த கிழமை, அதற்கு அடுத்த கிழமை, அதற்கும் அடுத்த மாதம். ஒவ்வொரு முறையும் சங்கிலி ஒரு நாள் கூலியை விட்டு, இருள் பிரியுமுன் பஸ் ஏறிப் போவார். பதினாறு, பதினேழு வயதில் சிவலட்சுமியும் சில தடவை கூடப் போயிருக்கிறாள். தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா "சரிங்க ஐயா" என்று சொல்லும்போது அவளுக்கு எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் பாதி அப்பாவின்மேல். தொண்ணூற்றுமூன்றில் சங்கிலி மலேரியாவில் செத்துப்போனார். கோவை போன இடத்திலிருந்து வரவில்லை.

சிவலட்சுமி கல் வேலைக்கு வந்தது எண்பத்தெட்டில். கொழும்புக்கு வடக்கே, ஆடைத் தொழிற்சாலைகளுக்கு நடுவில், வைரம் பட்டை தீட்டுகிற ஒரு தொழிற்சாலை இருந்தது. கன்னியாஸ்திரி ஒருவரின் கடிதத்தோடு போய் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டிலிருந்து பொட்டலமாக வரும் மங்கல் கற்களைச் சுழலும் இரும்புச் சில்லில் பிடித்துத் தேய்க்க வேண்டும். சதுரக் கல் அவளுடைய பிரிவு. அதற்கு வெளிநாட்டில் பிரின்சஸ் என்று பெயர். இளவரசி என்று பெயர் வைத்தவனைக் கொண்டுவந்து இந்தச் சில்லுக்கு முன்னால் எட்டு மணித்தியாலம் குந்தவைக்க வேண்டும் என்று பெட்டைகள் சொல்லிச் சிரிப்பார்கள். வேலை முடிந்து போகும்போது ஒவ்வொருத்தியின் கொண்டையையும் அவிழ்த்து, நகக்கண் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். எட்டு வருடம் அப்படி வாயைத் திறந்து காட்டியவளுக்கு வைரத்தின்மேல் என்ன மரியாதை இருக்கும்? அடுப்புக்கரிக்கு வசதியான இடத்தில் ஒரு சொந்தம், அவ்வளவுதான் என்பது அவளுடைய எண்ணம்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு, அவள் தங்கியிருந்த விடுதியைச் சோதித்துத் தமிழ்ப் பெட்டைகளைக் கொண்டுபோனார்கள். நாலு நாளில் விட்டுவிட்டார்கள். திரும்பிப் போனபோது அவளுடைய சில்லுக்கு முன்னால் வேறொருத்தி இருந்தாள். ஊருக்கு வந்து தையல் மெசின் போட்டாள்.

அடுத்த வருடம், காதில் கிடந்ததை விற்க ராஜரத்தினத்தின் கடைக்குப் போனவள், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வைர மூக்குத்தியைப் பார்த்து, "முதலாளி, இது வைரமில்லை" என்றாள். அவர் கோபித்துத் துரத்திவிட்டார். பிறகு யாருக்கும் தெரியாமல் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. அன்றிலிருந்து சந்தேகமான கல் எது வந்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும்.

இப்போது செல்வநாயகத்தாரின் கதைக்கு வருவோம். அவருடைய மகன் சுதாகரன் கனடாவில், ரொறன்ரோவில் இருந்தான். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவி, பின்னேரத்தில் வேறு வேலை செய்து, அங்கேயே வளர்ந்த ஒரு பெண்பிள்ளையை விரும்பியிருந்தான். அந்தப் பிள்ளைக்குச் சதுர வைரம் வைத்த மோதிரம் என்றால் ஆசை. எவ்வளவு பெரிது என்று அவள் சொல்லவில்லை. சொன்னவர் செல்வநாயகத்தார். பெண்ணின் தகப்பன் ரெலிபோனில் கதைத்தபோது, "மோதிரம் எங்கட பொறுப்பு. ஒரு கரட்டுக்குக் குறைஞ்ச கல்லு எங்கட குடும்பத்தில போடுறேல்லை" என்று அளந்துவிட்டார். அவருடைய குடும்பத்தில் அதுவரை வைரம் போட்ட ஒரே சீவன் கலண்டரில் இருக்கும் மகாலட்சுமி. மகன் முறிந்து உழைத்து அனுப்பிய காசு ஒன்றரை இலட்சம். நல்லதாக ஒரு கரட் எடுக்க அதுபோல இரண்டு மடங்கு வேண்டும்.

"ஒரு கரட்டுக்கு மேல இருக்கோணும். வெள்ளையா இருக்கோணும். உள்ளுக்க ஊத்தை இருக்கக்கூடாது. நல்ல மினுக்கம் வேணும். ஒண்டரைக்குள்ள முடிக்கோணும்," என்றார் செல்வநாயகத்தார், கந்தோரில் படிவம் நிரப்பச் சொல்கிற குரலில்.

"ஒண்டரைக்குள்ள இந்த நாலும் ஒரு கல்லில வராது ஐயா. ரெண்டைச் சொல்லுங்கோ."

அவர் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. "பெரிசாத் தெரியோணும்."

"அது ஒண்டுதானே?"

"பாக்கிறவன் பாத்த உடனே தெரியோணும். மற்றதெல்லாம் பிறகு."

தூ என்று துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கல் பார்த்துத்தரக் கேட்பவர்களில் எத்தனையோ விதம் உண்டு. போடப்போகிறவளின் விரல் மெல்லிசா தடிப்பா என்றுகூடக் கேட்காமல், பார்க்கிறவனைப் பற்றியே நினைக்கிற இந்த விதம்தான் எல்லாவற்றிலும் கேவலம்.

"சரி, உனக்கு ஐந்நூறு ரூபா தாறன்," என்றார் அவர்.

"காசு வேண்டாம் ஐயா. ஒரு கோவை வேணும்."

"என்ன கோவை?"

"செட்டிகுளம், சங்கிலியின்ர காணிக் கோவை. பன்னிரண்டு வருசம் உங்கட மேசைக்கு முன்னால வந்து நிண்ட சங்கிலி. நான் அவற்ர மகள்."

செல்வநாயகத்தாருக்கு அப்போதும் முகம் ஞாபகம் வரவில்லை. ஆனால் கோவை ஞாபகம் வந்துவிட்டது. அது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது.

"நான் ரிட்டயராகி ஐஞ்சு வருசம் பிள்ளை. இப்ப அங்கை எனக்கென்ன..."

"கோவை எங்கை கிடக்குதெண்டு உங்களுக்குத்தான் தெரியும். அம்மாவின்ர பேரில பத்திரம் எழுதி, கையெழுத்து விழட்டும். அண்டைக்கு நான் கல்லுப் பாக்கிறன்."

"என்னை வெருட்டுறியோ?"

"இல்லை ஐயா. அடுத்த கிழமை வாங்கோ எண்டு சொல்லுறன்."

கோவை அகப்பட இரண்டு நாள் எடுத்தது. அவர் இருந்த அதே அறையில், அவர் பாவித்த அதே அலுமாரியின் அடித்தட்டில், அவர் கடைசியாகக் கட்டிய அதே நூலோடு கிடந்தது. கையெழுத்து விழ மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் செல்வநாயகத்தார், தான் ஒருகாலம் அதட்டிய ஆட்களுக்கு முன்னால் மர வாங்கில் குந்திக் காத்திருந்தார். பத்திரத்தைக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்து, சிவலட்சுமி நடந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு நாளா?" என்றாள் அங்கம்மா. "அந்த ரெண்டு நாளு ஒங்கப்பனுக்கு இல்லாம போச்சா? தூ, அவனும் ஒரு மனுசன்." பத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

சொன்ன சொல்லைச் சிவலட்சுமி காப்பாற்றினாள். அதிலே அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. செல்வநாயகத்தாரை வெறுத்தாலும் கல்லில் பிழைவிட அவளுடைய கை ஒப்பாது.

ராஜரத்தினத்தின் கடைப் பின்னறையில், யன்னலோரம், காலை பத்து மணி வெளிச்சத்தில் பார்ப்பது என்று ஏற்பாடு. மின்விளக்கின் கீழ் எந்தப் பொய்யும் மினுங்கும் என்பதால் விளக்கை அணைக்கச் சொன்னாள். கொழும்பிலிருந்து தரகர் மூன்று கல் அனுப்பியிருந்தார். மூன்றும் மடித்த வெள்ளைக் கடதாசிகளுக்குள் இருந்தன.

முதலாவது, ஒரு கரட்டும் எட்டுப் புள்ளியும். நூறு புள்ளி ஒரு கரட். விலையைக் கேட்டால், பேரம் பேசி ஒன்றரைக்கு எடுக்கலாம். நிறையைக் கேட்டதும் செல்வநாயகத்தார் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"இதுதான்! இதைத்தான் கட்டுங்கோ ராஜரத்தினம்."

"இருங்கோ ஐயா," என்றாள் சிவலட்சுமி. சாமணத்தால் கல்லைப் பிடித்து, சின்னப் பூதக்கண்ணாடியைக் கண்ணோடு சேர்த்து, மூலை மூலையாகப் பார்த்தாள். பிறகு மூன்று கற்களையும் வெள்ளைக் கடதாசியில் முகம் மேலே தெரிய வைத்தாள். "இப்ப நிறையை மறந்துபோட்டுப் பாருங்கோ. எது பெரிசு?"

செல்வநாயகத்தார் குனிந்து பார்த்தார். நடுவில் இருந்ததைத் தொட்டார். அது முதலாவது கல் இல்லை.

"அது எண்பத்தெட்டுப் புள்ளி," என்றாள் அவள்.

"அதெப்பிடி?"

"சதுரக் கல்லுக்கு வயிறு கீழ இருக்கும். கூர்க் கூம்பைக் கவிட்டு வைச்சமாதிரி. நிறை கூட்டவெண்டு வெட்டினவன் வயித்தை ஊதவிட்டிருக்கிறான். மோதிரத்தில கட்டினால் வயிறு உள்ளுக்க போயிடும், ஆருக்கும் தெரியாது. நீங்கள் காசு குடுக்கிறது தெரியாத வயித்துக்கு." ராஜரத்தினம் அளவுகோலால் அளந்தார். பெரிய நிறைக் கல்லின் முகம் ஐந்தேகால் மில்லிமீற்றர். எண்பத்தெட்டுப் புள்ளியின் முகம் ஐந்தரை.

"அதோட இந்த மூலையில வெடிப்பு இருக்கு. சதுரக் கல்லுக்கு உயிர் மூலையிலதான். மோதிரத்தில பிடி வைச்சு நெரிக்கேக்கை மூலை பறந்தால் பிறகு ஐயா அதைப் பல்லில கட்ட வேண்டியதுதான்."

மூன்றாவது கல் எழுபது புள்ளி. தண்ணீரைப்போலத் தெளிவு, ஒரு குற்றமும் இல்லை. விலை கிட்டத்தட்ட ஒன்றரை. அவளுடைய கைக்குப் பிடித்தது அதுதான். ஆனால் கேட்டவருக்குத் தெளிவு எதற்கு? அதை மடித்து வைத்தாள்.

"எண்பத்தெட்டை எடுங்கோ. ஒரு லட்சத்து முப்பத்தையாயிரத்துக்கு வரும். கொஞ்சம் மஞ்சள் அடிக்குது. வெள்ளைப் பொன்னில கட்டினால் காட்டிக்குடுக்கும், மஞ்சள் பவுணில கட்டினால் பவுண்தான் மஞ்சள் எண்டு நினைப்பினம். ஒரு மூலை ஓரத்தில கரும்பொட்டு இருக்கு, வெடிப்பில்லை. அந்த மூலையில பிடியை வைச்சு மூடலாம். மிச்சக் காசு பவுணுக்கும் கூலிக்கும் காணும்."

செல்வநாயகத்தார் வெகுநேரம் பார்த்தார். "பாத்தால் ஒரு கரட் எண்டுதானே சொல்லுவினம்?"

"பாத்தால் சொல்லுவினம். நிறுத்தால் சொல்லமாட்டினம்."

"ஆர் நிறுக்கப்போகினம்?"

ராஜரத்தினம் ரசீது எழுதும்போது அவள், "எண்பத்தெட்டு எண்டு எழுதுங்கோ முதலாளி. இலக்கத்திலயும் எழுத்திலயும்" என்றாள். தொழிற்சாலையில் கல் கைக்கு வரும்போதும் போகும்போதும் நிறையை எழுதிக் கையெழுத்து வைத்த பழக்கம். செல்வநாயகத்தார் முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ராஜரத்தினத்தின் புத்தகத்தில் கார்பன் பிரதி விழுந்தது.

மோதிரம் அழகாகத்தான் வந்தது. கார்த்திகையில் போன ஒரு உறவினர் கையில் ரொறன்ரோவுக்குப் போனது. அதோடு செல்வநாயகத்தாரின் கடிதமும் போனது. கடிதத்தில், தானே கொழும்பு சென்று, ஐம்பது கல்லுக்குள் தேடி, ஒரு கரட்டும் பத்துப் புள்ளியும் நிறையுள்ள கல்லைத் தெரிந்தெடுத்ததாக எழுதியிருந்தார். ஒரு கரட் என்று எழுதினாலும் போதும். அந்தப் பத்துப் புள்ளியை எதற்காகச் சேர்த்தார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அங்கே பெண்ணின் தகப்பன் மோதிரத்தைக் காப்புறுதி செய்யக் கொண்டுபோனார். கடைக்காரன் அளந்துபார்த்து எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்றான். ரெலிபோன் வந்தது. செல்வநாயகத்தார் ஒரு நொடியும் தயங்கவில்லை. கல் பார்க்க வந்த மலைநாட்டுப் பெட்டை ஒருத்தி கண்ணைக் கட்டிக் கல்லை மாற்றிப்போட்டாள் என்று சொல்லிவிட்டார்.

இது ராஜரத்தினத்தின் காதுக்கு வந்தபோது தைப்பொங்கல் முடிந்து இரண்டு நாள். மாற்றினாள் என்றால் அவருடைய கடையில்தானே மாற்றியிருக்க வேண்டும்? கடையின் பெயர் போகிற கோபத்தில் அவர் சிவலட்சுமிக்கு ஆள் அனுப்பினார். அவளுக்குக் கோபத்துக்கு முதல் பயம்தான் வந்தது. கள்ளி என்று ஒருவர் பொலிசில் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தப் போர்க்கால வவுனியாவில், அவளைப் போன்ற ஒருத்தியை உள்ளே வைக்க வேறு காரணம் தேவையில்லை. நாலு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும்.

இருவரும் ரசீதுப் புத்தகத்தோடு வைரவபுளியங்குளத்துக்குப் போனார்கள். செல்வநாயகத்தார் ரசீதைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று ராஜரத்தினம் நினைத்திருக்க வேண்டும். செல்வநாயகத்தார் சிரித்தார்.

"ஏன் ராஜரத்தினம், இதுக்குப்போய்! கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லிச் சமாளிக்கலாம். அவையள் கனடாவில, இந்தப் பிள்ளை செட்டிகுளத்தில. கள்ளி எண்டு சொன்னால்தான் என்ன? இவளை ஆருக்குத் தெரியும்?"

சிவலட்சுமி அந்த மனிதரைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் அப்பா கைகட்டி நின்றது இதற்கு முன்னாலா? பெரிய உத்தியோகம், பெரிய வீடு, பெரிய கதை. எல்லாம் அந்த முதலாவது கல்லைப்போலத்தான், தெரியாத இடத்தில் ஊதின வயிறு. அவளுக்குப் பயம் போய்விட்டது. எஞ்சியது அருவருப்பு.

"உங்கட மகன்ர நம்பரைத் தாங்கோ," என்றாள். "நான் கதைக்கிறன்."

"உனக்கு நான் ஏன் தரவேணும்? வெளியில போ."

அப்போதுதான் குசினி வாசலில் நின்ற கமலாசனி முன்னே வந்தாள். அதுவரை அவள் வாய் திறந்து சிவலட்சுமி கேட்டதில்லை.

"நம்பர் எனக்குப் பாடம். வா, போவம்," என்றாள்.

"கமலம்!"

"முப்பது வருசமா உங்கட பொய்களைத் தோய்ச்சுக் காயப்போட்டுக்கொண்டிருக்கிறன். கை விட்டுப்போச்சு." செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்கினாள்.

சந்தியில் இருந்த ரெலிபோன் கடையில் பின்னேரம் ஆறு மணிக்கு ரொறன்ரோ கிடைத்தது. அங்கே காலை. கமலாசனிதான் கதைத்தாள். அழவில்லை, சுற்றி வளைக்கவில்லை. "தம்பி, கல்லு எண்பத்தெட்டுத்தான். ரசீது இருக்கு. ஆரும் மாத்தேல்லை. அப்பாதான் பொய் சொன்னவர். அந்தப் பிள்ளையின்ர அப்பாவிட்டை நீயே இண்டைக்குப் போய்ச் சொல்லு." பிறகு ரிசீவரைச் சிவலட்சுமியிடம் நீட்டினாள். சுதாகரன் முதலில் மன்னிப்புக் கேட்டான். பிறகு, தயங்கித் தயங்கி, கல் நல்ல கல்தானா என்று கேட்டான்.

"உங்கட காசுக்கு இதைவிட நல்லது இல்லை," என்றாள் அவள். "போடுற பிள்ளைக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம். அவா கழட்டுறதே இல்லை."

"அப்ப ஏன் நிறுத்துக்கொண்டு திரியிறியள்?"

கடையை விட்டு வெளியே வந்ததும் கமலாசனி சொல்லத் தெரியாமல் எதையோ சொல்ல முயன்றாள். "பிள்ளை, அண்டைக்கு அந்தப் பேணி..." என்று தொடங்கினாள். சிவலட்சுமி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். அந்த மனிசி இன்றைக்குச் செய்தது சரியான காரியம்தான். அதற்காக அவளோடு உறவு கொண்டாட வேண்டும் என்று சட்டமில்லை.

கலியாணம் சித்திரையில் நடந்தது. பெண்ணின் தகப்பனுக்கு நிறையில் பெரிய கவலை இல்லையாம், பொய்யில்தான் கோபமாம். சுதாகரன் நேரே போய்ச் சொன்ன பிறகு அதுவும் ஆறிவிட்டதாம். கலியாணப் படங்கள் வந்தபோது ராஜரத்தினம் ஒன்றை வாங்கிவந்து சிவலட்சுமியிடம் காட்டினார். பெண் கையை நெஞ்சருகே வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல் பெரிதாகத்தான் தெரிந்தது. செல்வநாயகத்தார் ஊரெல்லாம் அதை ஒன்றேகால் கரட் என்று சொல்லித் திரிவதாகவும் ராஜரத்தினம் சொன்னார்.

அதன் பிறகு அவர் கிழமையில் இரண்டு நாள் சிவலட்சுமியைக் கடைக்கு வரச் சொன்னார். நாள் சம்பளமும் பஸ் காசும் பேசிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். கல் வாங்க வருகிறவர்களுக்கு அவளைப் பிடிக்காது. முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்: இது கண்ணாடி, இது உங்களுக்கு எதுக்கு, இந்தக் காசுக்கு ஒரு பசு வாங்குங்கோ. ராஜரத்தினம் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் அவள் சரி என்ற கல்லைக் கொண்டு யாரும் திரும்பி வந்ததில்லை.

2001 மாசியில், இப்போது அங்கம்மாவின் பேரில் இருந்த செட்டிகுளத்துக் காணியில் கிணறு வெட்டத் தொடங்கினார்கள். பதினெட்டடியில் பாறை தட்டியது. பாறை உடைக்க வெடி வைக்க இராணுவம் விடாத காலம். விறகை அடுக்கி எரித்து, சூட்டோடு தண்ணீர் ஊற்றி, வெடித்த இடத்தில் அலவாங்குக் கம்பியால் நெம்பி, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று இறங்கினார்கள். கடை இல்லாத நாள்களில் சிவலட்சுமியும் கூடை தூக்கினாள். இருபத்தாறாவது அடியில் ஊற்றுக் கண்டது.